கூலி நின்ற மாதங்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்தபின் பேச வருபவரை எவரும் நெடுநேரம் கேட்க விரும்புவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அக்கணக்கிலேயே ஒரு செய்தி இருக்கிறது. மருத்துவ உதவி கோரி பைத்துல்மாலுக்கு வரும் மனுக்கள் தீபாவளி கழிந்த மாதங்களில்தான் மிகுதியாக வருகின்றன. நோய்க்கு மாதம் தெரியாது. கூலி நின்ற மாதங்கள் அவை.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலில் பெரும்பாலோர்க்கு எண்ணிக்கைக் கூலியே. எத்தனை உருப்படி முடித்தோமோ அத்தனைக்குக் காசு. மழை வந்தால் மருந்து காயாது. மருந்து காயாவிட்டால் கூலி இல்லை. ஆகவே வெயில் அடிக்கும் நாளில் இரு நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிடக் கை பரபரக்கிறது. உராய்வுக்கும் வெப்பத்திற்கும் அஞ்ச வேண்டிய இடத்தில் அவசரம்தான் முதல் எதிரி. அந்த அவசரத்தைத் தொழிலாளியின் அலட்சியம் என்று எழுதிவிடுகிறோம். அது அவன் வீட்டு அரிசிப் பானையிலிருந்து வருகிறது என்று எழுதுவதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிச் சென்ற ஊராரும் அவர்களுள் இருந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளிவந்தது. அறை அறையாகக் குத்தகைக்குப் போன ஆலையில், தொழிலாளியின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அங்கு வேலை செய்பவர் யாருடைய ஆள் என்பதற்கே விடை கிடைப்பதில்லை.

விபத்து செய்தித்தாளில் வருகிறது, கவலை வருவதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி என்றும், பேரியம் உப்பும் சரவெடியும் கூடாதென்றும் தீர்ப்பளித்தது. காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தீபாவளிக்குப் பின் ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆலைகள் மூடிக்கிடந்தபோது, சரம் பின்னுவதையன்றி வேறு தொழில் அறியாத பெண்கள் என்ன ஆனார்கள்? உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, வீட்டில் சண்டை, முன்பணக் கடன். லண்டன் அரசு ஊழியர் 10,308 பேரைக் கொண்டு 1985இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், வேலை போகும் முன்பே, போய்விடுமோ என்று காத்திருந்த காலத்திலேயே உடல்நலம் கெட்டதைக் கண்டனர். மாதச் சம்பளக்காரர்க்கே அந்நிலை என்றால், சனிக்கிழமைக் கூலியை நம்பியிருப்போர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி, நம்மவர் பலரும் அறியாத ஒன்று. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். ஆனால் அதற்குரிய ஆறுமாத காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும். அக்காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என இரண்டு. அக்டோபரில் தொடங்குவதில்தான் தீபாவளி விடுமுறையும் மழையும் வருகின்றன. 78 நாள் தேறாமல் போவதும் அப்போதுதான். தேறாவிட்டால் அடுத்துவரும் ஜூலை முதல் டிசம்பர் வரை அவ்வுதவி இல்லை. வேலையில் ஏற்படும் காயத்திற்கு இந்த 78 நாள் கணக்கு கிடையாது. முதல் நாளிலிருந்தே கூலியில் 90 சதவீதம் உண்டு. எல்லாவற்றிற்கும் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி செலுத்த வேண்டியது 3.25 சதவீதம். நம் ஜமாஅத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிமார் சிலரும் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கை உங்கள் முகம் பார்த்தே சொல்கிறோம்.

வரும் வெள்ளி முதல் வாரந்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் நம் இளைஞர் இருவர் கணினியுடன் அமர்ந்திருப்பார்கள். ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கொண்டுவந்தால், எத்தனை நாளுக்குச் சந்தா கட்டப்பட்டுள்ளது என்று பார்த்துச் சொல்வார்கள். எண் இல்லாதோரும் வரவேண்டும். அவர்களைத்தான் முதலில் எதிர்பார்க்கிறோம்.