கொளுத்துவதற்கு முன்னால் ஒரு பட்டியல்

(ஒரகடத்தில் தொழிலாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு நவீன நாடு மறுபடியும் உள்நாட்டுப் போருக்குள் விழுமா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இது இப்போது பெரிய விவாதம். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1991 மே 21 அன்று, பக்கத்திலிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கடலுக்கு அப்பால் நடந்த போர் அன்று இந்த ஊருக்கே வந்துவிட்டது.

அந்தப் போர் 1983 ஜூலையில் தொடங்கியதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித்தேடிக் கொளுத்தினார்கள். என்னைக் கேட்டால் 1948 என்பேன். சுதந்திரம் வந்த அதே ஆண்டு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் பல லட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்து வாக்குரிமையும் போனது. யார் அவர்கள்? இங்கிருந்து போன கூலிகள், பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். செல்வநாயகம் போன்றவர்கள் எதிர்த்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியில் பலருக்கு அது யாரோ 'தோட்டக்காட்டான்' பிரச்சினை. எட்டே வருடத்தில், 1956இல், சிங்களம் மட்டும் சட்டம் அவர்கள் வீட்டு அரசு உத்தியோகத்தில் கைவைத்தது.

அது பழைய கதை என்றால் மணிப்பூரைப் பாருங்கள். 2023 மே 3க்குப் பிறகு 200 பேருக்கு மேல் செத்தார்கள். போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்பாக்கிகள் போயின. மைதேயி ஒரு பக்கம், குக்கி ஒரு பக்கம், நடுவில் ராணுவம். இதற்கு வேறு என்ன பெயர்?

தமிழ்நாட்டில் நடக்காது என்பவர்களுக்கு, தருமபுரி. 2012 நவம்பர் 7. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்து வாங்கிய வண்டி, டிவி, பீரோ எல்லாம் எரிந்தது. சமூகத்தில் ஏற்றத்தாழ்வு நீடித்தால் பாதிக்கப்பட்டவர்கள் ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். தருமபுரியில் தகர்த்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களா?

இங்கே லைனில் ஒடிசாக்காரரும் தூத்துக்குடிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் பிரிந்துவிடுகிறோம். வாடகைக்கு அறை கேட்டால் ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துச் சாதியைக் கேட்கிறார்கள். வடக்கத்திப் பையன்களுக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது, அவர்களுக்கு ஒதுக்கிய இடமே தனி. இப்படித் தனித்தனியாக வைத்துவிட்டால் பட்டியல்கூடத் தேவையில்லை.

2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். பீகார் அரசு விசாரிக்கக் குழு அனுப்பியது. பக்கத்து அறைத் தமிழனிடம் "உண்மையா அண்ணே?" என்று கேட்க முடிந்திருந்தால் எத்தனை பேர் ரயில் ஏறியிருப்பார்கள்?

சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து சங்க உரிமையைக் கேட்டார்கள். மகத்தான போராட்டம். இனி நாம் அமைக்கும் சங்கங்களில் காண்ட்ராக்ட் வடமாநிலத் தொழிலாளி உறுப்பினரா, அவர் மொழியில் ஒரு துண்டறிக்கையாவது அடிக்கிறோமா, இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன். இங்கே ஒடியா, இந்தி தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள்.