பழைய பட்டடையைப் பார்த்து வாங்கும் முறை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெரு விளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை வேண்டியவையே. ஆயினும், வாய்க்காலில் தண்ணீர் வந்து நிற்கும் வாரத்தில் மண்வெட்டியின் வாய் மழுங்கிவிட்டால், அறுவடை நாளில் கதிர் அரிவாள் வெட்டாமற் போனால், நாம் யாரிடம் ஓடுகிறோம்? கொல்லரிடம்தான். உழவு இயந்திரம் வந்த பிறகும் களைக்கொத்துக்கும், கடப்பாரைக்கும், கோடரிக்கும், கலப்பைக் கொழுவுக்கும் அவர் கை வேண்டியிருக்கிறது. ஊரில் உலை அணைந்துவிட்டால், ஓர் அரிவாளைத் தீட்டி வாங்க அரை நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து நகரத்துக்குப் போக வேண்டும்.

உலை அணைவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நம்மால் தடுக்கக் கூடிய ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். கொல்லர் பட்டறைக்கு இன்றியமையாத கருவி பட்டடை. சில ஊர்களில் இதனைப் பட்டறைக்கல் என்றும், அடைகல் என்றும் சொல்வர். புதிதாக வாங்கப் பெரும் பணம் வேண்டும். ஆகவே தொழில் தொடங்கும் இளைஞர் பழையதைத் தேடுகிறார். ஊராட்சியோ, சுய உதவிக் குழுவோ பொதுப் பட்டறை அமைக்க முற்பட்டாலும் பழையதையே தேடுகிறது. தேடுவதில் தவறில்லை. நல்ல பட்டடை நூறாண்டு உழைக்கும். ஆனால் பழைய இரும்பைப் போல எடை பார்த்து, கிலோவுக்கு இன்ன விலை என்று பேசி வாங்குகிறோமே, அங்கேதான் நஷ்டம் தொடங்குகிறது. பட்டடைக்கு விலை அதன் எடையில் இல்லை, முகத்தில் இருக்கிறது.

பட்டடையின் உயிர் முகத்தில்

சம்மட்டி விழும் மேற்பரப்பைத்தான் முகம் என்கிறேன். காய்ந்த இரும்பு சம்மட்டிக்கும் பட்டடைக்கும் இடையே அகப்பட்டு நசுங்கி உருவம் பெறுகிறது. முகம் கெட்டியான எஃகாக இருந்தால், அடியின் வேகத்தை அது தாங்கித் திருப்பிக் கொடுக்கும். சம்மட்டி தானே எழும். கொல்லரின் தோள் களைக்காது. முகம் மென்மையாக இருந்தால், அடியின் பலத்தில் ஒரு பகுதியைப் பட்டடையே விழுங்கிவிடும். பத்து அடியில் முடிய வேண்டிய வேலைக்குப் பதினைந்து அடி வேண்டும். அதற்குள் இரும்பு ஆறிவிடும். மறுபடியும் உலையில் வைக்க வேண்டும். கரியும் வீண், காலமும் வீண். அன்றியும், முகத்தில் விழுந்த குழிகள் அத்தனையும் செய்யும் கருவியில் அச்சாகப் பதியும்.

பழைய பட்டடைகள் பல வகை. நம் நாட்டுக் கொல்லர்கள் தரையில் அமர்ந்து வேலை செய்வதற்கேற்றவாறு கொம்பில்லாத சதுரக் கட்டையாகச் செய்தவை ஒரு வகை. ஒரு பக்கம் கூம்பிய கொம்பும், மறு பக்கம் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும் கொண்ட இங்கிலாந்து மாதிரி மற்றொரு வகை. அவற்றுள் பழையவற்றில், தேனிரும்பு உடலின்மேல் எஃகுத் தகடு ஒன்றைக் காய்ச்சி இணைத்திருப்பார்கள். முழுவதும் வார்ப்பெஃகால் ஆனவையும் நல்லவையே. நாம் அஞ்ச வேண்டியது வெறும் வார்ப்பிரும்பில் ஊற்றிய கட்டையைத்தான். பார்வைக்கு அது மற்றவற்றைப் போலவே இருக்கும், எடையும் குறையாது, வர்ணம் பூசினால் புதிது போலவே மின்னும். ஆனால் ஓங்கியடித்தால் விளிம்பு உடைந்து தெறிக்கும். தெறித்த துண்டு கண்ணிற் பட்டால் பார்வையே போகும்.

திருவள்ளுவர் கூடா நட்பைப் பற்றிச் சொல்லும்போது பட்டடையை உவமையாக எடுத்தாண்டார். வெளியே பொருந்தி உள்ளே பொருந்தாத நட்பைப் போன்றதே வார்ப்பிரும்புப் பட்டடையும். வேளை வரும்போது கைவிட்டுவிடும்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

முதலாவது, கண்ணால் பார்த்தல். வர்ணம் பூசியிருந்தால் சுரண்டிக் காட்டும்படி கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். முகத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள கோட்டை நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். அங்கே நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால் தகடு உடலை விட்டுப் பிரியத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். கொம்பின் அடியிலும், சதுரத் துளையின் மூலைகளிலும், இடைப் பகுதியிலும் வெடிப்பு உண்டா என்று நோக்குங்கள்.

இரண்டாவது, ஓசை. பட்டடையைத் தரையிலிருந்து பிரித்து, இரு மரத் துண்டுகள்மேல் வைத்துச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். தேனிரும்பும் எஃகும் மணி போல ஒலிக்கும். வார்ப்பிரும்பு மந்தமாகத் தட்டென்று நிற்கும். இடையே கரகரப்பு இருந்தால் வெடிப்பு உண்டு. ஆயினும் ஓசையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. வார்ப்பிரும்பு உடலின்மேல் நல்ல எஃகு முகம் பதித்த பட்டடைகளும் உண்டு. அவை ஒலிக்க மாட்டா. ஆனால் வேலைக்கு உதவும்.

மூன்றாவது சோதனையே முக்கியமானது. லாரிப் பட்டறையில் கிடைக்கும் பெரிய பேரிங் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலக் குண்டு நல்லது. ஓர் அளவுகோலை முகத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தி, 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குண்டை வெறுமனே விடுங்கள். அது 18 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால் முகம் நல்லது. 12 சென்டிமீட்டரைக் கூட எட்டாவிட்டால் அந்தப் பட்டடை நமக்கு வேண்டாம். இடைப்பட்டதாயின் இலேசான வேலைக்கு மட்டும், அதற்கேற்ற விலைக்கு வாங்கலாம். ஓரிடத்தில் மட்டும் பார்த்து நின்றுவிடாமல் நடுவிலும் ஓரங்களிலும் பத்து இடங்களில் விட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் குண்டு சோர்ந்து விழுந்தால் அங்கே தகடு பிரிந்திருக்கலாம். எல்லா இடத்திலும் சோர்ந்தால் அது வார்ப்பிரும்பாகவோ, தீ விபத்தில் சிக்கிப் பதம் இழந்ததாகவோ இருக்கலாம். பதம் போனதற்கு மேலே எத்தனை வர்ணம் பூசினாலும் பயனில்லை.

நான்காவது, அரம். சொந்தக்காரரின் சம்மதம் பெற்று முகத்தின் ஓரத்தில் அரத்தை ஒரு முறை இலேசாக இழுத்துப் பாருங்கள். கெட்டியான முகத்தில் அரம் வழுக்கும். மெத்தென்ற முகத்தில் கடிக்கும்.

எந்தச் சோதனைக்கும் வெறும் முகத்தின்மேல் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டாம். கெட்டியின்மேல் கெட்டி மோதினால் துண்டு தெறிக்கும்.

எது குறை, எது குறையன்று

நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்த பொருளில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். விளிம்பில் இங்குமங்கும் சிறு உடைவு இருந்தால் பரவாயில்லை. ஒரு சாண் நீளத்துக்கு விளிம்பு நன்றாக இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்க்கும்போது நடுவில் ஓரிரு மில்லிமீட்டர் பள்ளம் தெரிந்தால் அதுவும் குறையன்று. ஆழ்ந்த பள்ளமாயின் கம்பியையும் தகட்டையும் நேராக்குவது கடினம்.

வாங்கிய பின் முகத்தைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சீவி வழவழப்பாக்கலாம் என்று எண்ண வேண்டாம். எஃகுத் தகடு பெரும்பாலும் அரை அங்குலம் அளவே கனமுடையது. அதைச் சீவுவது பட்டடையின் ஆயுளைச் சீவுவதாகும். முன்பே சீவப்பட்டதாயின், மேற்பரப்பு தேவைக்கு மிஞ்சிப் பளபளக்கும். கோட்டுக்கு மேலுள்ள தகடு மெலிந்திருக்கும். பற்றவைத்துச் சரி செய்திருந்தால் அவ்விடத்தில் குண்டு சோதனையை இரு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

எழுத்தும் எடையும்

இங்கிலாந்துப் பட்டடைகளின் இடைப் பகுதியில் மூன்று எண்கள் வெட்டப்பட்டிருக்கும். இவை கிலோவுமல்ல, வெறும் ராத்தலுமல்ல. முதல் எண் ஹண்டர்வெயிட். ஒவ்வொன்றும் 112 ராத்தல். இரண்டாவது எண் கால் ஹண்டர்வெயிட். ஒவ்வொன்றும் 28 ராத்தல். மூன்றாவது எண் மிச்ச ராத்தல். எடுத்துக்காட்டாக 1, 2, 10 என்றிருந்தால் 112-உம் 56-உம் 10-உம் சேர்ந்து 178 ராத்தல். அதாவது ஏறத்தாழ 81 கிலோ. எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். எழுத்தைவிட எடை மிகவும் குறைந்திருந்தால், எங்கோ உடைந்தோ சீவப்பட்டோ இருக்கிறது.

விவசாயக் கருவி செய்பவருக்கு 60 முதல் 100 கிலோ வரை ஏற்றது. ஓங்கியடிக்கும் சம்மட்டியைப் போல் இருபது மடங்காவது பட்டடை கனக்க வேண்டும். 4 கிலோ சம்மட்டிக்கு 80 கிலோ என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சட்டமும் கணக்கும்

தண்டவாளத் துண்டைப் பட்டடையாக்கி நன்றாக வேலை செய்கிற கொல்லர்கள் உண்டு. ஆனால் அந்தத் துண்டு வந்த வழி நேர்வழியாக இருக்க வேண்டும். இரயில்வேயிலிருந்து களவாடிய பொருளை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் இரயில்வே சொத்துச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம், அதற்கான சான்றைப் பார்த்து, ரசீது பெற்று வாங்குங்கள். பட்டடைக்கும் அவ்வாறே, விற்பவரின் பெயர், முகவரி, எடை, விலை ஆகியவை ரசீதில் இருக்கட்டும்.

ஊராட்சிப் பணத்தில் வாங்கும்போது, பட்டடை, எடை 80 கிலோ என்று மட்டும் எழுதி, குறைந்த விலை கேட்டவரிடம் வாங்கினால், வருவது வார்ப்பிரும்பாகத்தான் இருக்கும். எஃகு முகம் இருக்க வேண்டும், வெடிப்பு இருக்கலாகாது, 25 சென்டிமீட்டரிலிருந்து விட்ட குண்டு 18 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும் என்று விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். சோதனையை ஊர்க் கொல்லரைக் கொண்டு, உறுப்பினர் இருவர் முன்னிலையில் செய்யுங்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியாது என்பார்கள். கொல்லரை அருகில் வைத்துக்கொண்டால் நம்மிடம் கெட்ட பட்டடையையும் விற்க முடியாது. தனியே கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவர், மாவட்டத் தொழில் மையத்தில் உதவித் திட்டங்களை விசாரித்த பின் முன்பணம் கொடுப்பது நலம்.

வாங்கி வந்ததைப் புளிய மரத்தின் அல்லது வேல மரத்தின் அடிக்கட்டையில், அசையாதபடி இறுக்கி, மண்ணில் ஆழப் புதைத்து நிறுத்துங்கள். ஆடும் பட்டடை எவ்வளவு நல்லதாயினும் பாதி அடியைத் தின்றுவிடும்.

அன்பர்களே, அளவுகோலும், ஒரு குண்டும், அரை மணி நேரப் பொறுமையுமே இதற்கெல்லாம் வேண்டிய முதலீடு. அடுத்த சந்தைக்கோ ஏலத்துக்கோ போகும்போது அவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊர்க் கொல்லரையும் அழைத்துச் செல்லுங்கள்.