சட்டம் பயில்வார்க்கு ஓர் ஊருணி
(பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரமாகவும், ஈகை 23-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் பொருள் கொடுத்தலைப் பற்றியனவே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. இல்லாதவன் வந்து கேட்கக் கொடுப்பது ஈகை. கேட்பாரை எதிர்நோக்காது, ஊரோடு ஒத்து வாழ்வதன் கடமையாகச் செய்வது ஒப்புரவு. அதனாலன்றோ ஒப்புரவாளன் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், மருந்து மரத்தையும் வள்ளுவர் ஒப்புக் காட்டினார்! ஊருணி விடாய் வந்தபின் தோண்டப்படுவதன்று. முன்னரே நிறைந்து கிடப்பது. ஊர் நடுவிலுள்ள பழமரம் இவன் யார், அவன் யார் என்று உசாவுவதன்று. மருந்தோ, உரிய வேளையில் கிடைத்தாலன்றி மருந்தாகாது. இடர்க்காலத்தில் சட்ட மாணவர்க்கு உதவும் வைப்புநிதி ஒன்று எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு இம்மூன்று உவமைகளே போதிய இலக்கணம்.

‘சட்டம் படிப்பவன் நாளை கைநிறையப் பொருள் ஈட்டப் போகிறவன், அவனுக்கு எதற்கு உதவி?’ என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானதே. ஆயின் உண்மை வேறு. பட்டம் பெற்ற அன்றே வழக்குரைஞனுக்கு வருவாய் பிறப்பதில்லை. வழக்குரைஞர் மன்றத்தில் பெயர் பதிய வேண்டும். தேர்வு எழுத வேண்டும். மூத்தவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் தொழில் பழக வேண்டும். அவ்வாண்டுகளில் கிடைப்பது பலர்க்கு வழிச்செலவுக்கும் பற்றாது. வீட்டில் பொருள் உள்ளவன் பொறுத்திருப்பான். இல்லாதவன் கறுப்பு மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை தேடுவான். இவ்வாறு ஆண்டுதோறும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் வடிகட்டப்பட்டால், வழக்காடுவோரும் செல்வர், தீர்ப்புச் சொல்வோரும் செல்வர் என்றாகிவிடும். நிலம் பறிபோன உழவனும், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியும் அறமன்றப் படியேறும்போது, அவர்தம் துயரைத் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்த ஒருவர் அங்கு இருக்க வேண்டாவா? ஆகவே இது தனியொருவன் பிழைப்பைப் பற்றிய செய்தியன்று. அறமன்றத்தின் பிழைப்பைப் பற்றியது.

2020-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. கல்லூரிகளும் விடுதிகளும் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியே நடந்தது. தந்தையின் நாட்கூலி நின்ற வீட்டில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்த வீட்டில், சட்டம் பயில்பவன் எப்பாடத்தைக் கேட்பான்? அரசுச் சட்டக் கல்லூரியில் கட்டணம் குறைவு. ஆனால் கற்கும் செலவு குறைவன்று. உணவு, தங்கல், நூல், பயணம் என்பன கட்டணத்தினும் பன்மடங்கு. மாலை வேளைகளில் தட்டச்சுக் கடையிலும் உணவு விடுதியிலும் உழைத்து அச்செலவை ஈடுகட்டிய மாணவர்க்கு, அவ்வேலையும் ஒரே நாளில் அற்றுப் போயிற்று.

செல்வ நாடென்று பேசப்படும் அமெரிக்காவிலும் நிலை இதுவே. அங்குச் சட்ட மாணவர் பெருங்கடன் வாங்கிப் படிக்கின்றனர். கோடை விடுமுறையில் சட்ட அலுவலகங்களில் பணியாற்றி ஈட்டுவதே பலர்க்கு அடுத்த ஆண்டின் உணவு. 2020 கோடையில் அப்பணிகள் பல நீக்கப்பட்டன; பல சுருக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சு 27-இல் கையெழுத்தான இடருதவிச் சட்டம் உயர்கல்விக்கென ஏறத்தாழ 1,400 கோடி தாலர் ஒதுக்கியது. கல்வி நிறுவனங்களுக்கு நேரே பகிரப்பட்ட தொகையில் பாதியேனும் மாணவர் கைக்கே சேரவேண்டும் என்றும் அச்சட்டம் வரையறுத்தது. உணவு, உறையுள், மருத்துவம், நூல், கருவி, குழந்தை பேணல் ஆகியவற்றுக்கு அதனைச் செலவிடலாம். அரசு அளித்ததோடு அமையாது, சட்டப் பள்ளிகள் தம் பழைய மாணவரிடம் நிதி திரட்டின. சட்டக் கல்விக்கெனவே இயங்கும் ஆக்செசுலெக்சு என்னும் ஆதாயம் நோக்கா நிறுவனம், ஏறத்தாழ 200 சட்டப் பள்ளிகளின் இடர்நிதிக்குப் பள்ளியொன்றுக்கு 25,000 தாலர் என, 50 இலக்கம் தாலர் வழங்க முன்வந்தது.

இவை போற்றத்தக்கன. எனினும் அங்கு நேர்ந்த குறையையும் மறைத்தல் கூடாது. அரசுக் கல்விக்கடன் பெறத் தகுதியுடையவர்க்கே அந்நிதி உரியதென்று அந்நாட்டுக் கல்வித்துறை 2020 ஏப்பிரலில் வரம்பு கட்டியது. அயல்நாட்டு மாணவரும், சிறு அகவையிலேயே பெற்றோரால் கொண்டுவரப்பட்டுக் குடியுரிமை ஆவணமின்றி வளர்ந்த மாணவரும் விலக்கப்பட்டனர். வீடு திரும்ப வானூர்தியும் இல்லை, இருக்க இடமும் இல்லை, உதவியும் இல்லை. ஊர் நடுவே பழுத்த மரத்தைச் சுற்றி முள்வேலி இட்டது போன்றதன்றோ இது! வழக்குகள் எழுந்தன. 2021 மே திங்களிலேயே அவ்வரம்பு நீங்கிற்று. நோய்க்கு மருந்து ஓராண்டு கழித்து வந்தது.

காலத்தாழ்ச்சி எவ்வளவு கொடிது என்பதற்கு மற்றுமொரு சான்று: நியூயார்க்கில் 2020 சூலையில் நடக்கவேண்டிய வழக்குரைஞர் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளப்பட்டு, பின் அதுவும் கைவிடப்பட்டு, அகுதோபரில் இணையவழியே நடந்தது. படிப்பு முடிந்தும் பணியிற் சேரவியலாத அத்திங்கள்களில் வீட்டு வாடகை காத்திருக்கவில்லை. யூட்டா, வாசிங்டன், ஓரிகன், உலூசியானா மாநிலங்களோ, அவ்வாண்டுப் பட்டதாரிகள் பலரைச் சில கட்டுப்பாடுகளோடு தேர்வின்றியே தொழில் புரிய விட்டன. பொருள் கொடுப்பது மட்டும் உதவியன்று. வழியிற் கிடக்கும் கல்லை அகற்றுவதும் உதவியே என்பதை இது காட்டுகின்றது.

இந்நாட்டிலும் அத்தகைய கல் ஒன்று கிடந்தது. வழக்குரைஞர் சட்டம் பெயர்ப் பதிவுக்கு வரையறுத்த கட்டணம் 750 உருபா. பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 125 உருபா. மாநில மன்றங்கள் பலவோ பல்லாயிரக்கணக்கில் தண்டி வந்தன. 2024 சூலை 30-இல் உச்சநீதிமன்றம், சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு காசும் கூடாதெனத் தீர்ப்பளித்தது. மிகைக் கட்டணம் எளியோரை இத்தொழிலினின்று விலக்குகின்றது என்றும் எடுத்துரைத்தது. அதே ஆண்டில், சென்னை உயர்நீதிமன்ற ஆணையைப் பின்பற்றி, தமிழ்நாடு–புதுச்சேரி வழக்குரைஞர் மன்றம், இளம் வழக்குரைஞர்க்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் திங்கள்தோறும் 20,000 உருபாவும், பிற ஊர்களில் 15,000 உருபாவும் குறையாது அளிக்குமாறு மூத்தோர்க்குச் சுற்றறிக்கை விடுத்தது. தாளில் எழுதப்பட்ட அறம் கையில் வந்து சேருமாறு செய்வது மூத்த வழக்குரைஞர்தம் மனச்சான்றைப் பொறுத்தது.

இனிச் செய்யவேண்டுவது என்ன? முதலாவது, நிதி இடர் வருமுன் திரட்டப்பட வேண்டும். 500 பேர் திங்களுக்கு 100 உருபா ஈந்தால் ஓராண்டில் 6 இலக்கம் உருபா சேரும். ஒருவர்க்கு 10,000 என 60 மாணவரின் படிப்பு முறியாமல் காக்க அது போதும். இரண்டாவது, கேட்ட மூன்று நாளில் உதவி சேர வேண்டும். பதினெட்டுச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கும் நிதி, பசித்தவனிடம் அரிசிக்கு விதைநெல்லைக் காட்டுவதாகும். மூன்றாவது, அது கடனாகவோ, மதிப்பெண்ணுக்குப் பரிசாகவோ இருத்தல் கூடாது. இடர் ஒன்றே தகுதி. நான்காவது, பெற்றவன் பெயர் வெளிவரலாகாது. மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திக் காசோலையோடு படம் பிடித்து நாளிதழில் போடும் கொடை, வயிற்றுக்குச் சோறிட்டு மானத்தைப் பறித்துக்கொள்வது. ஐந்தாவது, பெயர் மறைக்கப்பட்டாலும் கணக்கு மறைக்கப்படலாகாது. வரவும் செலவும் திங்கள்தோறும் யாவரும் காண எழுதி வைக்கப்பட வேண்டும்.

பொருள் இல்லாதார் வாளா இருக்க வேண்டுவதில்லை. படித்து முடித்த சட்ட நூலைக் கொடுக்கலாம். பழைய கணினியைப் பழுது பார்த்துக் கொடுக்கலாம். தேர்வு முடியும் மட்டும் ஒரு மாணவனுக்கு வீட்டில் ஒரு மூலையும் இரு வேளை உணவும் கொடுக்கலாம்.

பெரியோர்களே! உதவி பெற்ற மாணவன் நாளை கொடுத்தவர் வாயிலில் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. வழக்குக்குப் பொருளில்லாத ஒரு கிழவிக்காக அவன் அறமன்றத்தில் எழுந்து நின்றால் போதும், கடன் தீர்ந்தது. ஊருணியில் நீர் மொண்டவன் ஊருணியை வணங்குவதில்லை. வறண்ட காலத்தில் தூர் வாருகின்றான். அத்தகைய ஊருணி ஒன்றுக்கு முதற்குடம் நீர் இன்று இவ்வவையிலேயே ஊற்றப்படுக!