உளி பிடிக்கும் உடலும் அதன் மூட்டுகளும்

(ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் ரப்பர்த் தொழிலாளர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிகாமட்டிலும் லாபிசிலும் குளுவாங்கிலும் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்களே நின்றன. இன்று அவற்றுட் பெரும்பகுதி செம்பனைக் காடாகிவிட்டது. எனினும் உளியைக் கைவிடாது நிற்கும் உங்களிடம் நாம் மரத்தைப் பற்றிப் பேச வரவில்லை. அதை வெட்டும் உடலைப் பற்றியே பேச விழைகின்றோம்.

உளியின் வாய் மழுங்கினால் உடனே தீட்டுகல்லைத் தேடுகின்றோம். மங்கு உடைந்தால் மாற்றுகின்றோம். இடுப்போ முழங்காலோ நொந்தால் மட்டும், 'வாயு பிடித்துக்கொண்டது' என்று தைலத்தைத் தடவிப் படுத்துக்கொள்கின்றோம். தைலத்தை நாம் குறை கூறவில்லை. சூடு இதமளிக்கும் என்பது உண்மையே. ஆயின் எந்த மூட்டை எவ்வாறு திருப்பியதால் அந்நோவு வந்தது என்ற வினாவுக்குத் தைலப் புட்டியில் விடை கிடையாது.

வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவை சேரும் இடமே மூட்டு. பழந்தமிழர் அதனைக் கீல் என்றும் அழைத்தனர். கதவு சுழலும் உறுப்புக்கும் அதே பெயர்தான். பெயர் பொருத்தமானதே, முழங்கையும் முழங்காலும் கதவுக் கீலைப் போல ஒரே போக்கில் மடங்கி நிமிர்பவை. தோளும் இடுப்பும் அப்படியல்ல. அங்கே கிண்ணத்தில் உருளும் பந்துபோல எலும்பின் தலை அமர்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையும், சுழலவும் செய்யும். தோளின் கிண்ணம் ஆழமற்றது. ஆதலால் கை எங்கும் எட்டும், ஆனால் எளிதில் நழுவும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது. உடலின் பாரத்தைத் தாங்கும்.

எலும்பின் முனைகளில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அழுத்தி விடும்போது பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, மூட்டு அசையும்போதுதான் அங்குள்ள வழுக்கு நீரிலிருந்து அது தன் உணவைப் பெறுகின்றது. விடியுமுன் லாரியிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்திறங்கி, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அப்படியே முதல் மரத்தில் குனிந்துவிடுவது நன்றன்று. நிரையின் தொடக்கத்தில் சற்று நடந்து, தோளையும் இடுப்பையும் சுழற்றிவிட்டுத் தொடங்குக.

இனி மரத்தினிடம் வருவோம். பால் வெட்டும் கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஓடுகின்றது. ஆகவே ஒவ்வொரு மரத்திலும் நம் உடல் ஓர் அரைவட்டம் போயாக வேண்டும். அந்த அரைவட்டத்தை எந்த மூட்டு தருகின்றது? நம் பேச்சின் உயிர்நிலை இதுவே.

பாதங்களை ஊன்றியபடியே உடலை மட்டும் முறுக்கினால், அச்சுழற்சியை இடுப்புக்கு மேலுள்ள அடி முதுகிடமும் முழங்காலிடமும் கேட்கின்றோம். அவ்விரண்டிடமும் அது இல்லை. அடி முதுகின் ஐந்து முள்ளெலும்புகள் நன்றாகக் குனியும், நிமிரும். திரும்புவதோ மிகச் சிறிதே. முழங்கால் மடங்கிய நிலையில் சிறிதளவே திரும்பும். நிமிர்ந்த நிலையில் அதுவும் இல்லை. குனிந்துகொண்டே முறுக்குவது முதுகெலும்பின் இடைவட்டுகளுக்குப் பெருந்தீங்கு. மடித்த முழங்காலை ஊன்றிய காலின்மேல் முறுக்கினால் உள்ளிருக்கும் குருத்து வில்லை கிழிவதும் உண்டு. சுழலத் தக்கவை இடுப்பு மூட்டுகள். இடம்பெயரத் தக்கவை பாதங்கள். உளி கோட்டில் நகர நகரப் பாதங்களும் சிற்றடி வைத்து மரத்தைச் சுற்றி நகர வேண்டும். பழுத்த அனுபவமுள்ள பால்வெட்டுப் பெண்கள் பலர் இதனை யாரும் கற்பிக்காமலே செய்கின்றனர். அவசரக்கார இளைஞர்தாம் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பிடிக்கின்றனர்!

மற்றொன்றையும் கவனியுங்கள். ஒட்டு மரத்தில் முதற்கோடு ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் திறக்கப்படுகின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை என்று கணக்கிட்டால், ஆண்டொன்றுக்குக் கோடு ஒரு சாண் அளவு கீழிறங்கும். நெஞ்சளவில் தொடங்கிய வெட்டு ஐந்தாறு ஆண்டுகளில் கணுக்காலை நெருங்கிவிடும். நோவும் அதனுடனே இடம் மாறுகின்றது. தொடக்கத்தில் தோளிலும் கையிலும்; பின்பு முதுகில்; இறுதியில் முழங்காலில். ஆகையால் கோடு இடுப்புக்குக் கீழ் வந்தபின் முதுகை வில்லாக வளைக்காமல், ஒரு காலை முன்வைத்து இடுப்பையும் முழங்கால்களையும் மடித்துத் தாழ்வதே தக்கது. தரையில் முழங்காலை ஊன்ற நேர்ந்தால் அடியில் சாக்கு மடிப்பொன்று இருக்கட்டும். அடிப்பட்டை தீர்ந்து மேற்பட்டையை நீண்ட காம்புடைய உளியால் வெட்டும் காலத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் தொல்லை வரும். அண்ணாந்தபடியே மரத்துக்கு மரம் செல்லாமல், இடைவழியில் தலையைத் தாழ்த்திக் கழுத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

மணிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னாளில் அமேசான் காடுகளில் சிறு கோடரியால் கொத்தியே பால் எடுத்தனர். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, அதே கோட்டை மெல்லச் சீவித் திறக்கும் முறையை வகுத்தார். அன்று தொட்டு இத்தொழில் தோளின் வலிமையை விட்டு மணிக்கட்டின் நுண்மைக்கு வந்தது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையும். உள்ளங்கையைக் கவிழ்ப்பதும் மலர்த்துவதும் அதன் வேலையன்று. முன்கையின் ஈரெலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் புரள்வதால் அது நிகழ்கின்றது. மழுங்கிய உளி இவ்விரு வேலைகளையும் கடுமையாக்கி, தசைநாண்களை வீங்கச் செய்யும். தீட்டுவதற்குச் செலவிடும் நேரம் மணிக்கட்டுக்குச் செய்யும் மருத்துவமே. காண்டாக் கம்பானாலும் கட்டிப்பால் சாக்கானாலும், சுமையை உடலையொட்டித் தூக்குக. தோளை மாற்றிக் கொள்க.

இத்தனை கவனமும் கடந்து நோவு நிலைத்துவிட்டால் மறைக்காதீர்கள். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், நாம் சொக்சோ என்று வழங்கும் சட்டம், வேலையிடத்து விபத்தை மட்டுமன்றித் தொழில்சார் நோயையும் கணக்கில் கொள்கின்றது. அதன் ஐந்தாம் அட்டவணையில் கையின் தசைநாண் அழற்சியும், நீடித்த அழுத்தத்தால் முழங்கால் வீங்கும் நோயும் இடம்பெற்றுள்ளன. மருத்துவரிடம் வலியை மட்டும் கூறாது, எந்த உயரத்தில், எந்தக் கையால், எத்தனை ஆண்டு வெட்டினீர்கள் என்பதையும் கூறுங்கள். நோய்க்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பை அவர் எழுத அதுவே துணையாகும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். ஆகவே அன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக இயலாமைத் தொகையைக் கோரலாம். மூட்டு இயங்க மறுப்போருக்குப் பயிற்சியளிக்கும் சொக்சோ மறுவாழ்வு மையம் 2014இல் மலாக்காவில் திறக்கப்பட்டது. சிகாமட்டிலிருந்து அது வெகுதொலைவில் இல்லை.