சட்டத்தில் இருக்கும் ஒரு 'லாம்'

(பத்துமலை வட்டாரக் குடியிருப்பாளர்களுக்கான டிங்கித் தடுப்பு விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சுகாதார அறிவிப்புகளை மலாயிலிருந்து தமிழாக்கம் செய்வது என் பணி. அவற்றில் நான் மிகவும் கவனிக்கும் சொல் 'போலே'. தமிழில் அது 'லாம்' என்று வரும். நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் 1975இன்படி, உங்கள் வீட்டில் கொசுப்புழு வளர்வதைக் கண்டால் அதிகாரி 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். இடத்தைச் சுத்தம் செய்யும்படி உத்தரவும் இடலாம். 'அபராதம் விதித்தே ஆக வேண்டும்' என்று இல்லை.

ஏன் இந்த 'லாம்'? தனியாக வாழும் பாட்டியின் பூச்சாடித் தட்டில் நான்கு புழுக்கள் இருக்கலாம். தைப்பூசக் கடைக்குப் பின்னால் மூடாத தண்ணீர்ப் பீப்பாய் இருக்கலாம். பலமுறை எச்சரித்தும் கட்டுமானத் தளத்தில் நீர் தேங்கிக் கிடக்கலாம். சட்டத்தின் முன் மூன்றும் குற்றமே. ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். அரசின் கொள்கை இறுதியில் மக்களை நேரில் சந்திக்கும் ஊழியர்களின் கையில்தான் உருப்பெறுகிறது என்று அமெரிக்க அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதினார்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. மலாயில் சரளமாகப் பேசுபவர் தம் நிலையை விளக்கிவிடுவார். பேசத் தெரியாத பாட்டி வாசலில் மௌனமாக நிற்பார். அந்த மௌனத்தை அலட்சியம் என்று அதிகாரி எடுத்துக்கொண்டால், ஒரே தவறுக்கு இரண்டு விதமான தீர்ப்பு வந்துவிடும். ஆகவே விருப்புரிமை நியாயமாக நடக்க வேண்டுமானால் நீங்களும் பேச வேண்டும்.

அதிகாரி வந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டியபின் உள்ளே விடுங்கள். மலாய் புரியாவிட்டால் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்துக்கொள்ளுங்கள். புழு எங்கே இருந்தது, எந்தக் காரணத்துக்காக நோட்டீஸ் என்று கேளுங்கள். உடல்நலக் குறைவு, ஒழுகும் கூரை, வீட்டுக்காரர் பழுது பார்க்காத குழாய் என்று உண்மையான காரணம் இருந்தால் சொல்லுங்கள். தெரிந்தவர் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்காதீர்கள். அது அடுத்த வீட்டாருக்குச் செய்யும் அநியாயம். நோட்டீஸில் உள்ள தேதியைத் தவறவிடாதீர்கள். அபராதத்தைக் கட்டாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் குற்றத்துக்கே 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அதிகாரி அபராதத்தை விட்டுவிடலாம்; ஏடிஸ் கொசு யாரையும் விட்டுவிடாது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள். பூச்சாடித் தட்டு, தண்ணீர்த் தொட்டி, கூரைத் தாழ்வாரம், சாமி மேடைச் செம்பு எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிடம் பாருங்கள்.

அபராதம் போடலாமா விடலாமா என்பது அதிகாரியின் முடிவு. தேங்கிய நீரை இன்றே கொட்டுவதில் 'லாம்' கிடையாது. கொட்டியே ஆக வேண்டும்.