நம் மொட்டைமாடியே ஆய்வுக்கூடம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பெற்றோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறீர்கள். வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "தமிழ், கணக்கு எல்லாம் சமாளிச்சுடுறோம். சயின்ஸுக்கு லேப் இல்லையே, என்ன பண்றது?"

ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு லேப் தேவையில்லை. சர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் செய்த ஆரம்பச் சோதனைகளுக்கு வெளிச்சம் தந்தது சூரியன். பார்த்தது அவர்களுடைய கண். அந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடத்தான் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமாக வைத்திருக்கிறோம்.

குழந்தைக்கு வேண்டியது ஒரு கேள்வி, கையால் தொட்டுப் பார்க்க ஒரு பொருள், பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிடாத ஒரு பெரியவர். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் விளக்கம் சொல்லிவிடுவோம். அப்படியே நாலு தடவை நடந்தால் ஐந்தாவது தடவை பிள்ளை கேட்காது. "அம்மா சொல்லுவாங்க" என்று உட்கார்ந்துவிடும். இழப்பு அங்கேதான்.

அதனால் ஒரே ஒரு பழக்கம். எதைச் செய்வதற்கு முன்பும், "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டில் எழுதவோ படமாக வரையவோ விடுங்கள். பிறகு செய்து பாருங்கள். ஊகம் தப்பாக இருந்தால் அழிக்கவிடாதீர்கள். அதற்குக் கீழேயே நடந்ததை எழுதட்டும். இனி, நம் கட்டடத்திலேயே செய்யக்கூடிய நான்கு சோதனைகள்.

முதலாவது, தண்ணீர். நம் வீடுகளில் போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், மழை பெய்தால் மழைத் தண்ணீர் என்று மூன்று வகை கிடைக்கும். மூடியுள்ள ஒரே மாதிரி பாட்டில் மூன்றில் ஒவ்வொன்றையும் அரை டம்ளர் ஊற்றுங்கள். குளியல் சோப்பைத் துருவி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலை ஒரு சின்ன ஸ்பூன் விட்டு, மூடி, பத்து தடவை குலுக்கச் சொல்லுங்கள். நுரை ஒரு நிமிஷம் நிற்கும்வரை எத்தனை ஸ்பூன் ஆகிறது என்று பிள்ளை எண்ணட்டும். எண்ணிக்கை வித்தியாசப்படும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் முதலில் சோப்போடு சேர்ந்து திரிந்துபோகின்றன. அவை தீர்ந்த பிறகுதான் நுரை வரும். பாத்திரம் கழுவும் லிக்விடில் இதைச் செய்யாதீர்கள். அது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் பெரும்பாலும் இந்த உப்புகள்தான். அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டால் குமிழ் கிளம்புவதையும் காட்டலாம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதே சோதனையைச் செய்து, இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: குடிக்க உகந்த தண்ணீரா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

இரண்டாவது, மழை. அடிப்பக்கம் தட்டையாக, பக்கங்கள் நேராக உள்ள ஒரு கண்ணாடி டப்பாவை மொட்டைமாடியில், சுவரும் டேங்கும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளக்கட்டும். வானிலை ஆய்வு மையமும் மழைக் கணக்கை அந்த நேரத்தில்தான் முடிக்கிறது. மறுநாள் செய்தித்தாளில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வரும் அளவுகளோடு ஒப்பிடலாம். நம் டப்பா வேறு எண்ணைக் காட்டினால் உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே மழை எல்லா ஊரிலும் ஒரே அளவு பெய்யாது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 5,000 சதுர அடி மொட்டைமாடி சுமார் 465 சதுர மீட்டர். அதில் 26 மி.மீ. மழை பெய்தால் சுமார் 12,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, டேங்கருக்குக் காத்திருந்தது நமக்கு நினைவிருக்கிறது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். டப்பாவில் அளந்த பிள்ளை அடுத்து கேட்கப்போவது, "இந்தத் தண்ணி எல்லாம் எங்கே போகுது?" என்பதுதான். அப்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மழைநீர்க் குழாயையும் அது இறங்கும் குழியையும் காட்டுங்கள். குழி அடைத்துக் கிடந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளையின் சோதனையால் கட்டடத்துக்கும் நன்மை.

மூன்றாவது, கடல்காற்று. ஒரே அளவு கிண்ணம் இரண்டு; ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு, நீங்கள் முதலில் தொட்டுப் பார்த்து, பிறகு பிள்ளையைத் தொடச் சொல்லுங்கள். மணல் சுடும், தண்ணீர் அவ்வளவு சுடாது. நிலமும் கடலும் இப்படித்தான். நிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி மேலே போக, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

இனி ஒரு கம்பியில் ரிப்பன் கட்டி மொட்டைமாடியில் நிறுத்துங்கள். மே மாதத்தில் ரிப்பன் எப்போது மேற்குப் பக்கம் பறக்கத் தொடங்குகிறது என்று பிள்ளை நேரம் குறிக்கட்டும். திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ சித்தியோ மாமாவோ இருந்தால் போன் போட்டு, அங்கே எப்போது வந்தது என்று கேட்கட்டும். கடற்கரைக்கு முதலில், நமக்குப் பிறகு. அது தாமதிக்கும் நாட்களில் நம் பக்கம் ஏன் அப்படி வேகிறது என்பது அதற்குத் தானே புரியும்.

நான்காவது, நிழல். சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு அப்போது நிழலே இருக்காது. ஏப்ரலில் சுமார் 12.07-க்கும் ஆகஸ்டில் சுமார் 12.13-க்கும் அது நடக்கும். பதினொன்றரை மணியிலிருந்து நிழலின் நுனியைச் சாக்பீஸால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறித்துவரச் செய்யுங்கள். பெங்களூரில் உறவினர் இருந்தால் இன்னும் நல்லது. அதுவும் ஏறக்குறைய நம் அட்சரேகைதான். ஆனால் மேற்கே இருப்பதால் அங்கே நிழல் சுமார் பத்து நிமிஷம் கழித்தே மறையும். பூமி சுற்றுவதற்கு ஒரு போன் காலே சாட்சி. டெல்லியில் எந்த நாளிலும் நிழல் முழுதாக மறையாது. ஏன் என்று பிள்ளை கேட்டால் ஒரு பந்தையும் டார்ச்சையும் எடுத்துக் கொடுங்கள். மேகம் மூடிவிட்டால் வருத்தப்பட வேண்டாம். முந்தின நாளும் அடுத்த நாளும் நிழல் மிகச் சின்னதாகத்தான் இருக்கும்.

சில எச்சரிக்கைகள். பிள்ளையைத் தனியாக மொட்டைமாடிக்கு அனுப்பாதீர்கள். சூரியனை நேராகப் பார்க்கவிடாதீர்கள். இடி மின்னல் இருக்கும்போது யாரும் மேலே போக வேண்டாம். மழை டப்பாவை அளந்த உடனே கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும்.

மேலும் வேண்டுமென்றால், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் "துளிர்" இதழ் இருக்கிறது. தூக்கிப்போடும் பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்யச் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் புத்தகங்கள் இருக்கின்றன. விடுமுறையில் கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்துக்கும் கூட்டிப்போகலாம். ஆனால் அவையெல்லாம் பிறகு. முதலில் நாளைக் காலை ஒரு டப்பாவும் ஒரு நோட்டும்.

வீட்டில் படிக்கும் பிள்ளை தனியாகச் செய்தால் சீக்கிரம் சலித்துவிடும். அதனால் ஒரு வேண்டுகோள்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு டப்பா வைப்போம். பள்ளிக்குப் போகும் பிள்ளையும் போகாத பிள்ளையும் சேர்ந்து அளக்கட்டும். தினமும் அந்த எண்களை லிப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் அவர்கள் கையாலேயே எழுதட்டும். ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும் எண் வித்தியாசப்பட்டால், காரணத்தை அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும். நாம் பக்கத்தில் நின்று கேட்டால் போதும்.