டயருக்குள் போகும் நைட்ரஜன்

திருச்சியில் டயர் கடைப் பக்கம் போகிறவர்கள் ‘நைட்ரஜன்’ என்ற போர்டைப் பார்த்திருப்பார்கள். அந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? நம்மைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே!

அதைப் பிரிக்கும் கருவிகளில் ஒரு வகை உண்டு. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழல்கள், கட்டுக்கட்டாக. காற்றை அழுத்தி உள்ளே விட்டால், ஆக்சிஜன் குழலின் சுவரை ஊடுருவிச் சீக்கிரம் வெளியேறிவிடும். ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசி நெரிசலில் ஒல்லியானவர் சந்து பார்த்து நழுவுவாரே, அப்படி. சற்றே பருத்த நைட்ரஜன் பின்தங்கி, மறுமுனையில் வந்து சேரும்.

பிரிக்கும் வேலை முழுவதையும் செய்வது சுவரின் மேல்தோல் மட்டுமே. அது தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. எவ்வளவு நுட்பம் பாருங்கள்!

இப்படிக் காற்றைப் பிரிப்பதற்கு வழிகாட்டியவர் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். 1866-லேயே வெறும் ரப்பர் படலத்தால் காற்றில் ஆக்சிஜனின் பங்கைக் கூட்டிக் காட்டினார்.